இரவு வேலைக்கு வராதவன்

இரண்டேகால்.
அலாரம் அடிக்குமுன்பே விழித்துவிடுகிறேன்.
சோளமாவு நாலு கரண்டி, ஆறிய தண்ணீர்,
கட்டி தட்டாமல் கலக்கவேண்டும்.
தைமி கண் திறக்காமலே குடிப்பாள்.
குடித்துவிட்டு "உவ்வே" என்பாள்,
அதுவும் தூக்கத்திலேயே.

நாம் யாரும் நடு இரவில் சாப்பிடுவதில்லை,
ஆனாலும் காலையில் எழுந்துவிடுகிறோம்.
ஏன் என்று நான் யோசித்ததே இல்லை,
ஓவுலு மருத்துவமனையில்
மருத்துவர் ஸாதே ஒரு படிக்கட்டு வரையும்வரை.

பகலில் சர்க்கரை உடைந்து உடைந்து இறங்கும் படிக்கட்டு.
பசித்த இரவில் அதிலேயே ஏறிவரவேண்டும்,
தசைகள் கழித்துப்போட்ட புளிப்பையும்
புரதத்தின் துண்டுகளையும் சுமந்துகொண்டு.
ஓரிடத்தில் படி செங்குத்து.
அங்கே நிற்கிறது ஒரு நொதி.
வந்த சுமையிலிருந்து
ஒரு மூச்சளவு கரிக்காற்றை உதறிவிட்டு
பாஸ்பேட் ஒன்றைக் கட்டி
மேலே தள்ளிவிடுகிறது.
அதன் முழுப்பெயர் என் நாக்கில் நிற்காது.
இரவு வேலைக்காரன் என்று வைத்துக்கொண்டேன்.
தைமியின் ஈரலில் அவன் வேலைக்கு வருவதில்லை.

தலையெழுத்து என்பார்கள்.
தலையில் இல்லை,
இருபதாவது குரோமோசோமில்.
ஓரெழுத்து மாறியிருக்கிறது
என்னிடம் ஒரு பிரதியில், ரைலாவிடம் ஒரு பிரதியில்.
மறுபிரதி சரியாக இருந்ததால்
எங்களுக்கு ஒருநாளும் ஒன்றும் ஆகவில்லை.
அவள் வீட்டார் லென்துவா ஏரிக்கரை,
என் வீட்டார் அடுத்த ஏரி.
நடுவில் உள்ள காட்டைக் கடந்து
பெண் கொடுத்துப் பெண் எடுத்து
எத்தனை தலைமுறையோ.
அந்த எழுத்தும் கூடவே நடந்திருக்கிறது,
சீதனப் பட்டியலில் இல்லாமல்.

ஜனவரியில், மழலையர் பள்ளியிலிருந்து
வாந்திக் காய்ச்சல் வந்தது.
குடித்த மாவு திரும்ப வந்தது. மறுபடி கொடுத்தேன்,
அதுவும் வந்தது.
விரல் நுனியில் குத்தினேன்.
அவள் அழவில்லை.
கருவி 2.3 என்று காட்டியதைவிட
அவள் அழாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஆம்புலன்ஸ் சோட்கமோவிலிருந்து வரவேண்டும்,
பனி கொட்டுகிறது, முடிந்தால் எதிரே வாருங்கள் என்றார்கள்.
ரைலாவை அழைத்தேன்.
"எவ்வளவு?" என்றாள்.
சொன்னேன். வைத்துவிட்டாள்.

அவள் ஓட்டுவது பனி வாரும் லாரி.
பத்திலிருந்து ஆறுவரை ஷிப்ட்.
சாலை திறந்திருக்கும் காலைகளில்
அவளை யாரும் நினைப்பதில்லை.
மூடியிருந்தால் நகராட்சிக்குத் தொலைபேசி பறக்கும்.

பக்கத்து வீட்டு க்யோஸ்தி
பைஜாமாமேல் கோட்டு மாட்டிக்கொண்டு ஓட்டினார்.
நான் பின்னிருக்கையில்
தைமியின் ஈறில் குளுக்கோஸ் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.
கல்லீரல். பெயரிலேயே கல் இருக்கிறது,
ஈரத்துக்கு ஓரெழுத்து குறைகிறது.
அவனைத் திட்டினேன், வாய்விட்டு,
பிள்ளை காதில் போடக்கூடாத வார்த்தைகளில்.
"என்னையா?" என்றார் க்யோஸ்தி.
இல்லை என்றேன்.

தேவாலயத் திருப்பத்தில்
முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு சுழன்றது.
கலப்பையை இறக்கி அவள் போய்க்கொண்டிருந்தாள்,
வழக்கத்தைவிட வேகமாக.
இருபக்கமும் வெள்ளைச் சுவர் எழுந்து விழுந்தது.
நடுவில் கறுப்பாக, ஒரு வண்டி அகலத்துக்கு,
தார் தெரிந்தது.
நாற்பது கிலோமீட்டர் அந்தக் கறுப்பிலேயே போனோம்.
களிம்பு தீர்ந்தது. விரலைத் தொடர்ந்து தடவினேன்.

ஆம்புலன்ஸில் ஊசி ஏற அதிக நேரமாகவில்லை.
3.1.
4.4.
தைமி கண் திறந்து
இடது காலின் சாக்ஸ் எங்கே என்று கேட்டாள்.
பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
உண்மையில் எங்கே என்றும் தெரியவில்லை.

ரைலா ஏறிவந்து அவள் நெற்றியில் கை வைத்தாள்,
கையுறையைக் கழற்றாமல்,
பிறகு கழற்றி.
இறங்கி லாரியைத் திருப்பினாள்.
கலப்பை தரையைத் தொட்ட சத்தம் கேட்டது.
எதிர்ப்பக்கச் சாலை
இன்னும் மூடித்தான் கிடந்தது.